மேடம் பேசாத வகுப்பு

ஜூன் 12

அன்புள்ள சின்னவளே,

நலம்தானே? ஆசிரியர் பயிற்சியில் அத்தனை பேர் முன்னால், "அக்கா, நீங்களே பேசிக்கிட்டிருந்தா பசங்க எப்போ மொழி கத்துப்பாங்க? வாயை மூடிக்கிட்டு உக்காருங்க" என்றாயே! மானம் போயிற்று போ. ஆசிரியர் அறையில் எனக்கு எதிர்மேசையில் இருந்தவள் இன்று பயிற்சியாளராக வந்து என்னை அதட்டுகிறாளே என்று கோபம்கூட வந்தது.

ஆனாலும் நேற்று செய்து பார்த்தேன். ஜோடி ஜோடியாகப் பேசவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். போன வருஷம் முழுக்க வாய் திறக்காத பெண் ஜோடியோடு சண்டை போட்டாள், அதுவும் நாம் சொல்லிக்கொடுக்கும் மொழியில்! அழுகையே வந்துவிட்டதடி.

உன் வாயாடி அக்கா

ஜூன் 18

அன்பு அக்காவுக்கு,

படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். விடாமல் செய்யுங்கள். உங்கள் துறைத்தலைவர் ஏதாவது முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் வேலை நீட்டிப்புக்கு நானாயிற்று.

சின்னவள்

ஜூலை 5

சின்னவளே,

தலைவர் நேற்று வகுப்பு வாசலில் வந்து நின்றார். பசங்க ஒரே கூச்சல், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். "சம்பளம் வாங்கிட்டு வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார். பயிற்சியில் நீ சொன்ன முறை என்றேன். "அப்படியா? அவங்களே வந்து சொல்லட்டும்."

இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடடி. இந்த வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? பயமாக இருக்கிறது.

அக்கா

ஜூலை 24

அக்கா,

சொல்லத்தான் போனேன். "இந்தக் கூத்தெல்லாம் உங்க பயிற்சியா?" என்று தலைவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். எங்கள் பயிற்சிப் பிரிவையே மூடப்போகிறார்களாம். என்ன செய்வேன், "அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது.

இன்னொன்று. உங்கள் வகுப்புகளை என்னையே எடுக்கச் சொன்னார். சரி என்றுவிட்டேன். திட்டுங்கள் அக்கா, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சின்னவள்

ஜூலை 31

மேசையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு? வயிறு எரிகிறது. தப்பாகவா புரிந்துகொண்டேன் நான்?

பசங்க வாசல்வரை வந்தார்கள். "புது மேடம் எங்களைப் பேச விடுவாங்களா மேடம்?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இனி எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.