ஹாரன் இல்லாத வளைவு

12 மே 2012, சனி

நாளை பந்தயம். என் கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மைதானத்தில் கோன்களை வைத்து, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டுகிற பந்தயம். எதிரே வண்டியே வராது. ஆனாலும் ஒவ்வொரு கோனிலும் திரும்பும்போது என் வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஹாரனை அடிக்கிறது. கார் விலகிப் போய் கோனைச் சாய்க்கிறது.

"கோன் எதுக்க வருமால மக்கா? ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருக்கட்டு. கண்ணு அடுத்த கோனுல இருக்கட்டு!" என்று கத்தியே, எனக்குப் பழக்கிவிடும் சேவியருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்போதும் கை அடித்தது. சத்தம் வராததால் கால் பதறி, திருப்பத்தின் நடுவிலேயே பிரேக்கை மிதித்தது. முன்பைவிட மோசம்.

ஹாரன் அடிக்காமல் வளைவில் திரும்பிய லாரிதான் அண்ணனைக் கொண்டுபோனது. சேவியரிடம் இதைச் சொன்னதில்லை.

ஃபியூஸைத் திரும்ப வாங்க மறந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். திருவட்டாறு தாண்டி அதே வளைவு வந்தது. ஹாரனை அமுக்கினேன். சத்தமில்லை. காரை அப்படியே நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் என்ன வருகிறதோ, தெரியவில்லை.

பின்னால் வந்த பஸ் டிரைவர், "வளைவுலயால வண்டிய நிறுத்துவ?" என்று ஏசிவிட்டு, நீளமாக ஹாரன் அடித்தபடி என்னைத் தாண்டித் திரும்பினார். அந்தச் சத்தத்தை ஒட்டிக்கொண்டே நானும் திரும்பினேன்.

நாளை மைதானத்தில் எனக்கு முன்னால் எந்த பஸ்ஸும் போகாது.