முட்டிப் பாறை

இயேசு மரி சூசை துணை

பாப்பிரெட்டிப்பட்டி
சனிக்கிழமை

அன்பு மகள் ஸ்டெஃபிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் மனசும் அந்த ஜெர்மனிக் குளிரைத் தாங்கிக்கொண்டு திடமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் தினமும் உனக்கென்று ஒரு மணி தள்ளுகிறேன். இன்று எழுந்ததும் நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஊறுகாய் ஜாடிக்குள் பாரத்துக்கு வைத்திருந்த கருங்கல்லை எடுத்து, கழுவித் துடைத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு நம் கரட்டுக் குன்றின் மேல் ஏறினேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுவார், எனக்கும் சில விஷயங்கள் எழுதினால்தான் வரிசையாக வரும்.

முதலில் வீட்டு விஷயம். மாம்பூ இந்த வருஷம் நன்றாகப் பிடித்தது, ஆனால் தண்ணீர் இல்லாமல் பாதி கொட்டிவிட்டது. மூன்றாவது போர்க் கிணறும் பொய்த்தது, ஆயிரத்து நூறு அடி போட்டும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. அப்பா அந்தப் புழுதியைத் தலையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இந்த நேரம் பார்த்து கல் குவாரிக்கு இடம் பார்க்கும் மாதவராஜ் வந்தார். என் அப்பா சவுரியப்பன் எனக்குச் சீதனமாக எழுதிவைத்த கரட்டில், சாம்பல் நிறப் பாறையை அறுத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பட்டை போகிறதே, அதைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மணி மாதிரி பேசுதுங்க கல்லு, ஒரு கீறல் இல்லைங்க என்றார். நாம் செபிக்கும் முட்டிப் பாறையும் அந்தப் பட்டையை ஒட்டித்தானே இருக்கிறது, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாமி குழியை மட்டும் அலுங்காம அறுத்து உங்க கோயில் வாசல்ல பதிச்சுக் குடுத்துடறோம்ங்க, மலையேற முடியாத வயசானவங்களுக்கும் சௌகரியந்தானுங்களே என்று சிரித்தார். ஊருக்கே அது நல்ல யோசனையாகப் பட்டுவிட்டது. அப்பாவுக்கும்தான். கல்லை வித்தாவது தண்ணியப் பாக்கலாம் மேரி, இந்தக் காட்டுல வேற என்ன வெளைஞ்சுது என்கிறார். அவர் சொல்வதில் தப்பு என்று ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம்.

முட்டிப் பாறை உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சிலுவைப் பாதை முடிந்து நாம் எல்லோரும் அந்தக் குழிகளில் முட்டி போடுவோம். மைசூர் பக்கமிருந்து நடந்து வந்த ஒரு சாமியார் மழைக்காக ஐந்து நாள் முட்டி போட்டு வேண்டிய இடம், பாறையே மெழுகாக இளகி அவர் முட்டியை வாங்கிக்கொண்டது என்றுதான் எனக்குச் சொன்னார்கள், நானும் உனக்கு அப்படியே சொன்னேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. பதினோரு குழி இருக்கேம்மா, சாமியாருக்கு எத்தனை முட்டி, ஒத்தக் காலை எங்க வெச்சாரு என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாய். நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை, குழிகளை மறுபடியும் எண்ணினாய். அதை நான் மறந்ததில்லை.

கிறிஸ்துமஸ் சமயம் வீடியோவில் நான் ஊறுகாய் கிளறும்போது இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, அம்மா அதை மெதுவா கீழ வைம்மா, கண்ணாடி மாதிரி வைம்மா என்று நீ பதறியது இப்போதும் காதில் இருக்கிறது. கொல்லையில் கிடைத்த கல், இருபது வருஷமாக உப்பிலும் புளிப்பிலும் கிடந்தது. பாறைகளைப் பற்றிப் படிக்கும் நீ, அது நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல் கோடாலியாக இருக்கலாம் என்றாய். என்னோடு பி.ஏ. படித்து இப்போது கல்லூரியில் வரலாறு நடத்தும் கலைமணி வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னாள். கரட்டுக்கும் கூட்டிப்போனேன். குழிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இது முட்டி இல்லடி, கோடாலி தேய்ச்ச குழி, அந்தக் கறுப்புப் பட்டையில கல்லை எடுத்து இங்கயே தீட்டியிருக்காங்க என்றாள். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ஹரப்பாவின் தெருக்களையும் சாக்கடைகளையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான், ஊறுகாய்க்கு எதை வைத்தோம் என்று தெரியவில்லை.

அந்தப் பட்டை எப்படி வந்தது என்று நீ சொன்னதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். சாம்பல் பாறைக்கு வயது இருநூற்றைம்பது கோடி வருஷம் இருக்கும், பிறகு அது வெடித்து, பிளவு வழியாக அடியிலிருந்து நெருப்புக் குழம்பு ஏறி உறைந்ததுதான் கறுப்புப் பட்டை, புல்லோ மீனோ மரமோ உண்டாவதற்கு முன்னால் நடந்தது இது, அதனால் அந்தப் பாறைக்குள் ஒரு எலும்போ இலைத் தடமோ கிடைக்காது என்றாய். அப்படியானால் அத்தனை கோடி வருஷம் ஒன்றுமே எழுதாமல் கிடந்த பாறையில் முதலில் எழுதியது அந்தக் கோடாலிக்காரர்களின் கைதான். அது நம் கரட்டில் இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னது என் மகள். இதை நினைத்தால் தனியாக இருக்கும்போதுகூட நிமிர்ந்து உட்காருகிறேன்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி. பெரிய வெள்ளியில் சிலுவை சுமக்கும் நம் பக்கத்து வீட்டு வியாகுலம் அண்ணன், அப்ப நாலு தலைமுறையா எவனோ கோடாலி தீட்டுன குழியிலதான் முட்டி தேயத் தேய செபிச்சமா, உம்மகளை ஜெர்மனிக்கு அனுப்புனது எங்க மோட்சத்தைப் புடுங்கறதுக்கா என்று கேட்டார். கேலிதான், ஆனால் முகம் வாடியிருந்தது. அந்தக் கேள்வியோடுதான் இன்று காலை மேலே போனேன். குழியில் தண்ணீர் ஊற்றி, அந்தக் கல்லை வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். நீ திட்டுவாய், குழி தேயக்கூடாதென்று மணல் போடவில்லை, நாலே இழுப்புத்தான். குந்தி உட்கார்ந்தால் கைக்குப் பலம் வரவில்லை. இரண்டு முட்டியையும் ஊன்றிக் குனிந்தபோதுதான் கல் குழியில் சரியாக உட்கார்ந்து போய்வந்தது. அவர்களும் முட்டி போட்டுத்தான் இருக்க வேண்டும் ஸ்டெஃபி. என்ன சாதி, என்ன சாமி என்று நாம் கேட்கவே முடியாத மனுஷர்கள், பதினோரு குழிக்கு முன்னால் பக்கம் பக்கமாக, பேசிக்கொண்டே தேய்த்திருப்பார்கள். நம்முடைய செபம் ஒன்றும் வீணாகவில்லை என்று வியாகுலம் அண்ணனிடம் ஒரு நாள் சொல்ல வேண்டும். அன்று உன்னை அடித்ததற்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், இப்போது உன்னிடமும் கேட்கிறேன். நீ எண்ணியதுதான் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் ஓட்டாதே, ரசப்பொடி தீர்ந்தால் முன்கூட்டியே சொல். பாறை பார்க்க வெளியே போகும்போது கையுறை மறக்காதே, போன முறை விரல் வெடித்திருந்ததைப் பார்த்தேன். ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும், உன் படிப்பும் பெயரும் ஓங்கட்டும்.

இன்னும் ஒன்று. குவாரிக்காரர்களுக்குச் சம்மதப் பத்திரம் எழுதித்தர திங்கட்கிழமை அப்பாவும் நானும் பத்திர ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு. கரடு என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்துத்தான் அவர்களுக்கு வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த நாள் கடந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. பையில் கல்லை வைத்துக்கொண்டு போய், அங்கிருந்தே தர்மபுரி பஸ் ஏறி, அருங்காட்சியகத்தில் அதை ஒப்படைத்து, கரட்டை வந்து பார்க்கும்படி மனு கொடுத்துவிட்டு வருவேன். அப்பாவுக்குக் கோபம் வரும், தண்ணீருக்கு வேறு வழி அவரோடு சேர்ந்துதான் தேட வேண்டும். அவரிடம் சொல்லவில்லை, நம் பங்குச் சாமியாரிடம் சொல்லவில்லை, கலைமணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா
ஆ. சகாயமேரி