அண்ணாவின் அழைப்பு

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று காலை ஜப்பானிலிருந்து திரும்பினேன். பெட்டியை டெல்லி லோதி ரோட்டில் உள்ள என் வீட்டில் போட்டுவிட்டு நேராக அண்ணியிடம் போனேன். அண்ணா போய் மூன்று நாளாகிறது. உடனே டிக்கெட் கிடைக்காததால் தகனம் நான் இல்லாமலே முடிந்துவிட்டது.

"தைரியமா போய்ட்டு வா, செர்ரிப் பூ போட்டோ அனுப்பு" என்று என்னை ஜப்பான் சுற்றுலாக் குழுவில் சேர்த்துவிட்டதே அண்ணாதான்.

செவ்வாயன்று கியோட்டோவில் கோயில்களையும் தோட்டங்களையும் பார்த்த பிறகு முகமூடி நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். போனை அணைக்கச் சொல்லியிருந்தார்கள், நான் மறந்துவிட்டேன். அரங்கமே அமைதியாக இருந்தபோது மணி அடித்தது. அண்ணாவின் பெயர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சத்தில் அழைப்பைத் துண்டித்து, போனையும் அணைத்தேன். நாடகம் முடிந்து போனை ஆன் செய்தபோது அண்ணியின் செய்தி வந்திருந்தது. அதற்குள் அண்ணா இறந்துவிட்டிருந்தார்.

இன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நெஞ்சு வலிக்குதுன்னார். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உன்கூடப் பேசணும்னார். ஏன்மா எடுக்கல?"

"டவர் கிடைக்கல அண்ணி."

அண்ணி என் கையை விட்டாள்.

"நான்தான் ஸ்பீக்கர்ல போட்டுக் குடுத்தேன். ரெண்டு ரிங் போச்சே" என்றாள்.

அவள் எழுந்து போய்த் தட்டில் சாதம் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சாப்பிட்டேன்.