சமாதானம் பேசுகிறவள்

அன்புள்ள அக்கா,

போனில் என் குரல் அடைத்திருந்தது சளியால்தான். கவலைப்படாதே.

எங்கள் ஸ்டேஷனில் எனக்கு நல்ல பெயர், தெரியுமல்லவா? புருஷன் அடித்தான் என்று எந்தப் பெண் வந்தாலும் இன்ஸ்பெக்டர் என்னிடம்தான் அனுப்புவார். நான் பேசிப் பேசி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். வழக்கு குறைந்தால் அவருக்குப் பெருமை, எனக்குப் பாராட்டு.

இன்று காலை வீங்கிய உதட்டோடு ஒரு தையல்காரி வந்தாள். வழக்கம்போல, "குடும்பம்னா நாலும் இருக்கும்மா, அனுசரிச்சுப் போ" என்றேன். அவள் என் கழுத்தையே பார்த்தாள். நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நீங்களும் அனுசரிச்சுத்தான் போறீங்களா மேடம்?"

அதில் கேலி இல்லை அக்கா. அக்கறையாகத்தான் கேட்டாள். புகாரை எழுதி வாங்கி இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தேன்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினார். நாளையிலிருந்து எனக்கு வெயிலில் சிக்னல் டியூட்டி. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளோடு உன் வீட்டுக்கு வருகிறேன். அவளுடைய பாடப் புத்தகங்களையும் எடுத்து வருவேன். என் வீட்டுக்காரர் போன் செய்து கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு.

அதற்குப் பிறகு புகார் கொடுக்க நான் எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்றுதான் தெரியவில்லை. எங்கே போனாலும் அங்கே என்னைப் போல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

உன் தங்கை