செருப்பு போட்ட பேய்

இன்று காலை டென்டுக் கொட்டகைக்காரன் மாட்டுவண்டியில் தமுக்கடித்துக்கொண்டு போனான். "செருப்பு போட்ட பேய் மறுபடி வந்திருக்கு!" என்று கத்தினான். அவன் வீசிய நோட்டீசை, ஐந்தாம் வகுப்பு படித்த தைரியத்தில் எழுத்து விடாமல் படித்தேன். உங்கள் பெயரை இந்த முறையும் போடவில்லை.

நாடகக் கம்பெனியில் ராஜாவுக்குப் பின்னால் இருபது வருஷம் வேல் பிடித்து நின்ற உங்களுக்கு, டாக்கிப் படத்தில் பேய் வேஷம் கிடைத்தது. செத்துப்போன தகப்பன், பிள்ளையைப் பார்க்கப் பேயாக வருகிற கதை. பணம் போட்ட முதலாளிக்குச் செருப்பு வியாபாரம். எல்லாம் பிடித்து முடித்த பிறகு, "நம்ம சரக்கு எங்கய்யா தெரியுது?" என்று கேட்டு, பேய்க்குப் புதுச் செருப்பு மாட்டி, நடப்பதை மட்டும் மறுபடி பிடிக்க வைத்தார். அந்தத் துண்டை ஒட்ட இடம் வேண்டுமென்று பாதிக் கதையை வெட்டினார்.

பேய் அண்டாமலிருக்க வாசலில் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடும் ஊர் நம் ஆம்பூர். இங்கே பேயே சரக் சரக்கென்று செருப்போடு வந்தால்? முதல் நாள் கொட்டகையே உருண்டு சிரித்தது. "இன்னா நைனா, புது ஜோடா? கடிக்கலையா?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் திரையைக் கேட்டான். நீங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். நான் அசையவில்லை. என் புருஷன் நடிப்பை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

நல்ல இடம் அதற்கப்புறம்தான் வந்தது. தூளியில் தூங்கும் பிள்ளைக்குக் கையை நீட்டி, தொடாமலே மடக்கிக்கொள்வீர்கள். அதில் கால் தெரியாததால் முதலாளி கண்ணில் படாமல் தப்பித்தது போலும். கடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து, "அழுதாங்கங்க, நெசமா" என்றேன்.

"ஆறுதல் சொல்றியா? போயி சோத்தப் போடு" என்றீர்கள். சாகும்வரை என்னை நம்பவில்லை. வேஷமும் கட்டவில்லை.

இன்று மாலை ஆட்டத்துக்குப் போய்வந்துதான் இதை எழுதுகிறேன். தோல் மண்டியில் பதனிடுவதற்குப் பட்டை இடிக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். செருப்பைக் கண்டு என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தவள், தூளி வந்ததும் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"அது எங்க வூட்டுக்காரரு" என்றேன்.

"ஒரு தபா தொட்டிருக்கலாமே ஆயா, அந்தாளு" என்றாள்.

இப்போதெல்லாம் தூளி வரும் இடத்தில் நான் திரையைப் பார்ப்பதேயில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைத்தான் பார்க்கிறேன், உங்களுக்குச் சாட்சி சொல்வதற்காக.