கேட்காமலே அழித்துவிட்டது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். மனசுதான் ஒரு வாரமாக ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் பாதியில் அம்மா பிடுங்கிப் பேசுவாள், அதனால் காகிதத்தை எடுத்தேன்.

காது சோதனை எண்களைக் காது மெஷினில் ஏற்றுவதற்கு நீ எழுதிக் கொடுத்தாயே ஒரு புரோகிராம், ஐந்து வருஷமாக அம்மாவின் கிளினிக் அதில்தான் ஓடுகிறது. போன மாதம் பழைய ஆன்டிவைரஸ் காலாவதியானதும், கடையில் ரொம்பக் கண்டிப்பானது என்று ஒன்றைக் காட்டினார்கள், நான்தான் மயங்கி வாங்கிப் போட்டேன். திங்கட்கிழமை காலை ஒரு பஸ் டிரைவர் வந்தார், மறுநாள் லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்குக் காது பரிசோதனை. மெஷினை வயரில் மாட்டி அம்மா பாதி ஏற்றியிருப்பாள், திரையில் சிவப்பாக ஆபத்து என்று வந்தது, உன் புரோகிராமைக் காணோம். மெஷின் ஊமையாகிவிட்டது. பென் டிரைவில் வைத்திருந்த பிரதியைச் செருகினேன், ஒரு வார்த்தை கேட்காமல் அதிலிருந்தும் துடைத்துவிட்டது. பாவம் அந்த மனுஷர், எங்கள் வாய் அசைவதை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி “என்னங்க, என் வேலை போச்சா?” என்றார். அம்மா விறுவிறுவென்று ஆன்டிவைரஸையே நிறுத்தி, நீ எப்போதோ அனுப்பிய பழைய மெயிலைத் தேடிப் பிடித்து மறுபடி இறக்கி, இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். மறுநாள் பரிசோதனையில் டிரைவர் தேறிவிட்டார், கிளினிக்குக்கு வந்து மெஷினைத் தட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அறுநூறு பேருடைய விவரம் இருக்கிற கம்ப்யூட்டர், காவல் இல்லாமல் கிடந்தது. திரும்பப் போடலாம் என்றால் அம்மா “அது இருந்தா நான் இல்ல” என்றாள். உட்கார முடியாமல் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வருவேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருவேளை நீ எழுதியதிலேயே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அம்மா “பெத்த பொண்ணையே சந்தேகப்படுறீங்களா?” என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்தேன். அவர் உன் புரோகிராமை ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றி, அறுபதுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டிப் பார்த்தார். இரண்டு மட்டும்தான் ஆபத்து என்றன, மற்றதெல்லாம் சுத்தம் என்றன. உன் பரீட்சை முடிவு வந்த நாள்போல நாற்காலியில் சாய்ந்துவிட்டேன் போ. கத்துகிறது என்பதற்காக ஒன்றை வாங்கக் கூடாது, நல்லதைக் கெட்டது என்று எத்தனை தடவை தப்பாகச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் அழிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு நம்மைக் கேட்க வேண்டும் என்றார். பணம் கட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேறு இரண்டு ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தார். ஒன்று காது சோதனைக் கருவியோடு வந்த புரோகிராமையே திருடன் என்றது, எடுத்துவிட்டோம். மற்றது உன்னுடையதில் ஒருமுறை நின்றது, விடலாமா என்று கேட்டது, அம்மா விடு என்றதும் விட்டுவிட்டது. மூன்று நாளாக எங்கள் இருவருக்கும் சமாதானம். ஆனாலும் அந்தப் புது ஆன்டிவைரஸ் தூங்கிவிட்டதோ என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கிறேன், என் சுபாவம் உனக்குத் தெரியாததா.

இத்தனைக்கும் காரணம் என்ன என்று ரிப்பேர்காரரிடம் கேட்டேன். “செஞ்சது யாருன்னு இதுல எங்கயுமே இல்லைங்க, பேர் இல்லாததப் பாத்தா அதுங்களுக்கு சந்தேகம்தான்” என்றார். அதற்கென்று முறையாகப் போடுகிற டிஜிட்டல் கையெழுத்து ஒன்று உண்டாமே. இவ்வளவு நல்ல வேலை செய்துவிட்டு ஏன் உன் பெயரைப் போடாமல் விட்டாய்?

கழுத்து வலிக்கு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. அந்தப் புரோகிராமை மறுபடி அனுப்பு, இந்தத் தடவை உன் பெயரோடு.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படும்,
அப்பா