விழுங்கியது இரண்டு, வந்தது நான்கு

அன்பு மகளுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நீ அனுப்பிய சோதனையின் முதல் வாரம், புதன்கிழமை மாலை சரியாக ஐந்து மணிக்கு, நான்காம் மாடியில் உள்ள நம் வீட்டுக் கழிவறையில் உன் தந்தையார் நீலமாகப் போனார். மகளே என்று அழைப்பது அப்பா, கை மட்டும் உன் தம்பியினுடையது. அப்பாவின் வலது கட்டைவிரல் போன மாதம் பழுதுபார்க்கும்போது லிஃப்ட் கதவில் மாட்டி இன்னும் மாவுக்கட்டுக்குள் இருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அவர் சொல்லாததையும் நடுநடுவே சேர்த்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் போதாதா என்றால், அளவுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பும்போது கூடவே நாலு வரி போகவில்லையென்றால் அது என்ன பெற்ற கடமை என்கிறார். எழுதி முடித்ததும் அப்பா அம்மா இருவர் முன்னாலும் ஒரு வரி விடாமல் உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் உறையை ஒட்ட வேண்டும் என்ற சட்டம் நீ போன பிறகும் மாறவில்லை. அங்கே நீ நலம்தானே? இங்கே மூன்று பேர், மூன்று வயிறு. அதில் இரண்டு வயிறு நலம்.

உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய பொட்டலம் பத்திரமாக வந்தது. ஆளுக்கு இரண்டு நீலச் சாய மாத்திரை, ஒரு டப்பா தவிட்டுத் தூள், விழுங்கியது நீலமாக வெளியே வர எத்தனை மணி நேரம் என்று குறிக்கப் புத்தகம். முதல் வாரம் வெறும் வெள்ளை ரொட்டி, இரண்டாம் வாரம் தவிடும் தோலோடு பழமும். இரண்டு திங்கட்கிழமையும் காலை ஏழு மணிக்கு மாத்திரை. அம்மா கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிக் கழிவறைக் கதவில் மாட்டிவிட்டாள், அதனால் இப்போது மணி பார்க்க வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. நார்ச்சத்து வேலை செய்கிறது என்று உன் மேலதிகாரியிடம் தாராளமாகச் சொல்லலாம். அப்பாவுக்கு முதல் வாரம் ஐம்பத்தெட்டு மணி நேரம், தவிடு சேர்ந்ததும் முப்பத்தொன்று. அம்மாவுக்கு நாற்பத்தாறு, பிறகு இருபத்தெட்டு. உன் தம்பிக்கோ முதல் வாரமே பத்தொன்பது, இரண்டாம் வாரம் பதினொன்று! இந்த வீட்டின் அதிவேக வண்டி நான்தான். நீயே போனில், டேய் உன் குடல் குடலா இல்ல சறுக்குமரமா, எங்க ஆளுங்க எல்லாரும் உன் நம்பரைப் பார்த்து வாயைப் பொளந்துட்டாங்க என்று சொன்னாயே, அதை மாடிக்கு மாடி போய்ச் சொல்லிவிட்டேன்.

இதுவரை சொன்னது நல்ல சேதி. இனி வருவதைச் சொல்லும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் முடிந்து புத்தகத்தை மூடி வைத்தாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. அம்மா கதவைத் தட்டி, என்னங்க, உயிரோட இருக்கீங்களா என்றாள். கடிகாரத்தின் டிக் டிக் மட்டும். கதவைத் திறந்து வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடியும் நீலமா இருக்கு என்றார். போன தடவை மிச்சமா இருக்கும்ங்க என்றாள் அம்மா. மிச்சம் இல்லடி, புதுசு என்றார். போய்ப் பார்த்தோம். புதுசேதான், மை கொட்டின மாதிரி. அப்பா மூடிய புத்தகத்தைத் திறந்து இடது கையால் எழுதினார். அந்த எழுத்து அப்பாவுடையதாகவே இல்லை. கோணலாக, நடுங்கி, வேறு யாரோ நம் வீட்டுக்குள் வந்து எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை வந்தது. அப்பா விழுங்கியது இரண்டு, வந்தது நான்கு.

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் தள்ளி வைக்கிறார். சட்டையைத் தூக்கி வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, லிஃப்ட் கூட்டின் அடிப்பள்ளத்தில் இறங்கி நின்று மேலே சத்தம் கேட்பாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அம்மாவும் ஒரு மத்தியானம் காதை வைத்துப் பார்த்தாள். என்னவோ ஏறி வர்ற மாதிரி கேக்குதுங்க என்று சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, முப்பது வருஷம் லிஃப்ட் பார்த்திருக்கேன்டா, கீழ போனது மேல திரும்பி வரும், வராதுன்னு சொல்லல, ஆனா யாராவது பட்டனை அமுக்கினாத்தான் வரும், இதை யாரு அமுக்குனது என்றார். வெயில் அடிக்கிற பட்டப்பகல், கூடம் முழுக்க வெளிச்சம், அப்படியும் எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டுவிட்டது. நேற்று அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சம்மதம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். இரும்புப் பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்று காலை அம்மாவிடம் காட்டினார். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்பா உனக்குச் சொல்லச் சொன்னவை: வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அடுத்தவர் வயிற்றை அளக்கிறவள் உன் வயிற்றையும் கவனி. குளிருக்குக் காதை மூடிக்கொள். இந்தச் சோதனையை நீதான் அனுப்பினாய் என்று மனசில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உன்மேல் ஒரு தப்பும் இல்லை. தம்பியைப் படிக்க வைத்துவிடு. நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும் கண்ணு. புத்தகம் வந்து சேர்ந்ததும் மறக்காமல் பதில் போடு. இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அப்பா கட்டிலுக்குப் போய்விட்டார்.

அக்கா, இனி எழுதுவது நான் மட்டும். அப்பா ஒரு சத்து மாத்திரை தினமும் காலையில் போடுவாரே, கருஞ்சிவப்பாக, அந்தப் புட்டி. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையில் ஒன்றைக் கொட்டி வாயில் போட்டுக்கொள்வார். நீ அனுப்பியது உள்ளேதான் நீலம், மேல்கூடு அதே கருஞ்சிவப்பு, அதே பருமன். என் பங்கு இரண்டையும் அதற்குள்தான் போட்டேன். குப்பைக் கூடையில் போட்டால் அம்மா கிளறுவாள், கழிவறையில் போட்டால் நீலம் காட்டிக்கொடுக்கும். அப்பா கையில் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார், ஒரு சிரிப்பாவது கிடைக்கும் என்றும் நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை நீலத்தைப் பார்த்ததும் எனக்குள் சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. புட்டியைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன், இரண்டுமே இல்லை. பட்டனை அமுக்கியது யார் என்று அவர் கேட்டபோது நான் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு மட்டும் எழுதிவிட்டு, வாசிக்கும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அம்மா இப்போது, என்னடா, ராமாயணமா எழுதுற, வந்து வாசி என்று கூப்பிடுகிறாள். போகிறேன். ஒரு வரி விடமாட்டேன். கீழே அப்பாவின் இடது கைக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், அது காலியாக இருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீயே யூகித்துக்கொள்.

என் எண்களை உன் கணக்கிலிருந்து அடித்துவிடு. பத்தொன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை, சும்மா வாய்க்கு வந்தது. மதில் சுவரிலிருந்து குதிப்பேன், தெருநாயின் வாலைப் பிடிப்பேன், எல்லாம் சரிதான். மாத்திரை விழுங்க மட்டும் எனக்கு வராது அக்கா. தொண்டையிலேயே நின்றுவிடும். காய்ச்சல் வந்தால் இன்றைக்கும் அம்மாதான் பொடித்து ஜாமில் குழைத்துத் தருகிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா (இடது கை):